கொரிய ‘பாய்ஸ் லவ்’ தொடர்கள்: திரையில் வீடு இல்லை, சிவகாசியில் வீடு இருக்கிறது

பட்டாசு ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஆலை வேலைக்குப் போகிறவர்களுக்கு இது பழகிப்போன விதி. மருந்து இருக்கும் இடத்தில் ஒரு பொறி போதும். அதனால் காலையில் ஆலை வண்டியில் ஏறிப் போகும் பெண்ணுக்கு, சாயங்காலம் வீடு திரும்பி, சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, படுக்கப் போகும் முன் கிடைக்கும் அரை மணி, ஒரு மணி நேரம்தான் போனுக்கான நேரம். விருதுநகர் மாவட்டம் என்றில்லை, தமிழ்நாட்டின் சிறுநகரங்கள் எங்கும் அந்த நேரத்துக்குள் கொரியத் தொடர்கள் நுழைந்துவிட்டன.

இது திடீரென்று வந்ததல்ல. பத்தாண்டுக்கு முன்பே ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ போன்ற தொடர்களைத் தமிழ் பேச வைத்து ஒளிபரப்பியது புதுயுகம் தொலைக்காட்சி. 2021-இல் வந்த ‘ஸ்க்விட் கேம்’ கொரியா பக்கமே திரும்பாத ஆண்களையும் உட்கார வைத்தது. 2024 ஜனவரியில் கரூர் மாவட்டக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த, 13 வயதுப் பள்ளி மாணவிகள் மூன்று பேர் பி.டி.எஸ். பாடகர்களைப் பார்க்கப் போகிறோம் என்று கிளம்பினார்கள். கையில் சில ஆயிரம் ரூபாய். விசாகப்பட்டினம் போய் அங்கிருந்து கப்பல் ஏறுவது திட்டம். சென்னை வரை போய்த் திரும்பும் வழியில் காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. ஆனால், கொரிய மோகம் எந்த ஊர்வரை வந்திருக்கிறது என்பதை அது காட்டியது.

அந்த மோகத்தின் ஒரு கிளைதான் ‘பாய்ஸ் லவ்’. சுருக்கமாக பி.எல். இரண்டு ஆண்களுக்கு இடையிலான காதல் கதை. “எவ்ளோ அழகா இருக்கு தெரியுமா” என்று ஒரு தரப்பு. “என்ன கண்றாவி இது, பிள்ளைக கையில போனைக் கொடுத்தா இதையா பாக்குதுங்க” என்று இன்னொரு தரப்பு. இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அதற்கு முன், பி.எல். என்பது என்ன?

எங்கிருந்து வந்தது?

பி.எல். பிறந்த இடம் ஜப்பான். 1970-களில் கெய்கோ தகேமியா, மோட்டோ ஹகியோ போன்ற பெண் ஓவியர்கள் சிறுமிகளுக்கான படக்கதை இதழ்களில் ஆண்-ஆண் காதல் கதைகளை வரையத் தொடங்கினார்கள். எழுதியவர்களும் பெண்கள், வாசித்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். இன்றுவரை இந்த வகையின் முதன்மை ரசிகர்கள் பெண்கள்தான். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு முதலில் புரியாமல் போவது இதுதான்.

ஜப்பானிலிருந்து தைவான், தாய்லாந்து, கொரியா என்று இது பரவியது. தாய்லாந்தின் ‘டுகெதர்’ 2020-இல், ஊரடங்கு நேரத்தில், உலகம் முழுக்க ஓடியது. அதே 2020-இல் ‘வேர் யுவர் ஐஸ் லிங்கர்’ என்ற குட்டித் தொடருடன் கொரியாவும் களத்தில் இறங்கியது. பெரும் வெற்றி 2022 பிப்ரவரியில் வாட்சா என்ற கொரிய ஓடிடி தளத்தில் வெளியான ‘செமாண்டிக் எரர்’. எட்டே எபிசோடு. இணைய நாவல் ஒன்றைத் தழுவிய கதை.

கதை எளிமையானது. கணினிப் பொறியியல் படிக்கும் சாங்வூ விதி தவறாதவன். குழுவாகச் செய்ய வேண்டிய வேலையில் உழைக்காதவர்களின் பெயரை ஈவு இரக்கமின்றி நீக்கிவிடுகிறான். அதில் மாட்டிய சீனியர் ஜேயங், வடிவமைப்புத் துறை மாணவன், பட்டம் வாங்க முடியாமல் போகிறது. பழிவாங்க வருகிறான், வம்பு இழுக்கிறான், கடைசியில் காதல். பார்க் சோ-ஹாம், பார்க் ஜே-சான் இருவரும் இதில் நடித்து ஒரே தொடரில் பிரபலமானார்கள். அதே ஆண்டு இத்தொடர் திரைப்பட வடிவிலும் தியேட்டருக்கு வந்தது.

பிடித்தவர்கள் ஏன் பிடிக்கிறது என்கிறார்கள்?

முதல் காரணம் பொறுமை. கை படுவதற்கே மூன்று எபிசோடு ஆகிறது. அந்தத் தயக்கம், திரும்பிப் பார்ப்பது, குடையை நீட்டுவது எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்குகிறார்கள். அடிதடியும் மாமியார் சதியும் நிறைந்த நெடுந்தொடர்களுக்கு நடுவே அது ஒரு ஆறுதல்.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். “ரெண்டு பேரும் சமம்” என்ற உணர்வு. ஆண்-பெண் காதல் கதையைப் பார்க்கும்போது, பார்க்கிற பெண் தன்னை அந்தக் கதாநாயகியோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். அவள் நிறம், அவள் உடம்பு, அவள் பேச்சு. விருதுநகர் பக்கம் கல்யாணப் பேச்சு எடுத்தாலே “எத்தனை பவுன் போடுறீங்க” என்ற கேள்வி பின்னாலேயே வரும். பொண்ணு பார்க்க வரும் சனத்தின் முன் காபி தட்டோடு நின்ற அனுபவம் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் புதிதல்ல. பி.எல். கதையில் அந்தத் தட்டே இல்லை. எடைபோடப்படுகிற பெண் கதைக்குள் இல்லாததால், பார்க்கிற பெண் நிம்மதியாகக் காதலை மட்டும் பார்க்கலாம். ஆசியா முழுக்கப் பெண்கள் இந்த வகையைத் தேடிப் போனதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் இதுவும் ஒன்று. சிவகாசிக்கும் அது பொருந்தும்.

பிடிக்காதவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு

எதிர்க்கருத்துகளை எல்லாம் பழைமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. சீனியர் ஒருவன் ஜூனியரைத் துரத்தித் துரத்தித் தொல்லை பண்ணுவதைக் காதலுக்கு முன்னோட்டமாகக் காட்டுவது சரியா என்று கேட்கிறார்கள். பெண்ணைத் துரத்தும் தமிழ் சினிமா கதாநாயகனைத் திட்டிவிட்டு, அதையே கொரியாவில் ரசிப்பது எப்படி? நியாயமான கேள்வி. பெண் பாத்திரங்கள் ஒன்று தோழி, இல்லையென்றால் வெறும் கூட்டம் என்பதும் உண்மையான குறை. பல பி.எல். நாவல்களும் வெப்டூன்களும் வயது வந்தவர்களுக்கானவை. தொடராகும்போது அவை மென்மையாகின்றன. ஆனால், தொடரைப் பார்த்துவிட்டு மூலக்கதையைத் தேடும் 14 வயதுப் பிள்ளை அங்கே வேறொன்றைப் பார்க்க நேரிடும். பெற்றோரின் இந்தக் கவலை அர்த்தமுள்ளது.

ஆனால் எல்லாவற்றையும்விடக் கூர்மையான விமர்சனம் தன்பாலீர்ப்பு கொண்டவர்களிடமிருந்தே வருகிறது. ‘இது எங்க கதை இல்லை, எங்களை வச்சு வேற யாரோ கண்ட கனவு’ என்பது அதன் சாரம். கல்லூரி இருக்கிறது, கஃபே இருக்கிறது, தனியாக வாடகைக்கு எடுத்த அறை இருக்கிறது. அப்பா, அம்மா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா யாரும் இல்லை. ‘செமாண்டிக் எரர்’ தொடரில் இரண்டு பேரின் வீட்டாருக்கும் கதையில் வேலையே இல்லை. “ஊரு என்ன சொல்லும்” என்று யாரும் கேட்பதில்லை. விதிவிலக்குகள் உண்டு. ஆனால் இந்த வகையின் பெரும்பகுதி, வீட்டைக் கதையிலிருந்து எடுத்து வெளியே வைத்துவிட்டுத்தான் தொடங்குகிறது.

மேலே சொன்ன, இரண்டு பக்கமும் கவனிக்காத விஷயம் இதுதான்.

வீட்டை உள்ளே கொண்டுவந்தால் என்ன ஆகிறது?

கொரியாவில் எல்லாம் சுமுகம், அதனால்தான் இப்படிப் படம் எடுக்கிறார்கள் என்று நினைத்தால் அது தவறு. 2000-இல் ஹோங் சோக்-சோன் என்ற நடிகர் தான் தன்பாலீர்ப்பு கொண்டவர் என்று வெளிப்படையாகச் சொன்னார். தொலைக்காட்சி வாய்ப்புகள் பறிபோயின. திரும்பி வர ஆண்டுகள் பிடித்தன. ஒரேபாலினத் திருமணத்துக்குக் கொரியாவில் இன்றும் சட்ட ஏற்பு கிடையாது. ராணுவத்தில் ஆண்களுக்கு இடையிலான பாலுறவைத் தண்டிக்கும் சட்டப் பிரிவு செல்லும் என்று 2023 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் மறுபடியும் சொன்னது. 2024 ஜூலையில் ஒரேபாலின இணையருக்கும் மருத்துவக் காப்பீட்டுப் பயன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அங்கே பெரிய முன்னேற்றமாகப் பார்க்கப்பட்டது. நிலைமை அவ்வளவுதான்.

அங்கே எந்தத் தொடருக்கு எதிர்ப்பு வந்தது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். 2010-இல் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘லைஃப் இஸ் பியூட்டிஃபுல்’ என்ற நெடுந்தொடர் வந்தது. பி.எல். அல்ல, குடும்பத் தொடர். ஜேஜு தீவில் ஒரு கூட்டுக் குடும்பம். அந்த வீட்டின் மூத்த மகன் தன்பாலீர்ப்பு கொண்டவன். அவன் அதைச் சொல்கிறான், பெற்றோர் அழுகிறார்கள், பிறகு அவனை ஏற்கிறார்கள். பெற்றோர் அமைப்புகள் நாளிதழில் விளம்பரம் கொடுத்துக் கொந்தளித்தன. இதைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் கெட்டால் தொலைக்காட்சி நிறுவனமே பொறுப்பு என்றன.

2024 அக்டோபரில் ‘லவ் இன் தி பிக் சிட்டி’ வந்தது. பார்க் சாங்-யங் எழுதிய, 2022-இல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்ற நாவலின் தொடர் வடிவம். இதிலும் வீடு இருக்கிறது. புற்றுநோயோடு போராடும், பக்தி மிகுந்த தாய் இருக்கிறார். மகனின் காதலை அவரால் ஏற்க முடியவில்லை. தொடர் வெளியாகும் முன்பே பழைமைவாத அமைப்புகள் புகார்களைக் குவித்தன. முன்னோட்டக் காட்சிகளை நீக்கும் அளவுக்குப் போனது.

வீடில்லாத கல்லூரிக் காதல் பல வாரம் முதலிடத்தில் ஓடுகிறது. அதே காதல் வீட்டு வாசற்படி ஏறி, அம்மா முன்னால் நின்றால் போராட்டம் வெடிக்கிறது. அந்நியமாக, அழகாக, தூரமாக இருக்கும்வரை சமூகம் ரசிக்கும். தன் வீட்டுக்குள் வந்தால் முகம் மாறும். இது கொரியாவுக்கு மட்டும் உரிய குணமல்ல.

தமிழ்நாட்டில் வழக்கு வீட்டிலிருந்துதான் தொடங்குகிறது

மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் எதிர்ப்பு. சென்னைக்கு வந்துவிட்டார்கள். பெற்றோர் காணவில்லை என்று காவல் நிலையத்தில் புகார் கொடுத்தார்கள். பாதுகாப்பு கேட்டு அந்தப் பெண்கள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். சுஷ்மா வழக்கு என்று அறியப்படும் அதில், 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் விரிவான உத்தரவு பிறப்பித்தார். இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று சொல்லி, உளவியல் நிபுணரிடம் போய் உட்கார்ந்து தெரிந்துகொண்டு வந்து எழுதிய உத்தரவு அது. ‘குணப்படுத்துகிறோம்’ என்ற பெயரில் நடக்கும் சிகிச்சைகளுக்குத் தடை விதிக்கச் சொன்னார். அதன் தொடர்ச்சியாக 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. தமிழ்நாடு அரசு இந்தச் சமூகத்தினரைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

2025 மே மாதம் வேலூர் மாவட்டத்திலிருந்து இன்னொரு வழக்கு. 25 வயதுப் பெண்ணை அவர் விருப்பத்துக்கு மாறாக வீட்டார் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று அவருடைய தோழி உயர் நீதிமன்றத்தை அணுகினார். நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், வி.லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை அவர் விரும்பியபடி போக அனுமதித்தது. குடும்பத்தை அமைக்கத் திருமணம் ஒன்றே வழியல்ல என்றும் சொன்னது. மகன் விக்ரம் சேத்தைப் புரிந்துகொண்டு ஏற்ற நீதிபதி லீலா சேத்தைப் போல எல்லாப் பெற்றோரும் இருப்பதில்லை என்றும் தீர்ப்பில் குறிப்பிட்டது.

சட்டம் இதில் ஓரளவுக்குத் தெளிவாகவே இருக்கிறது. வயது வந்த இருவர் மனமொத்து வாழ்வது குற்றமல்ல என்று 377-வது பிரிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று சொன்னது. திருமண உரிமையை மட்டும் 2023 அக்டோபர் 17 தீர்ப்பில் மறுத்து, அதை நாடாளுமன்றத்தின் பொறுப்புக்கு விட்டது. ஆனால் இரண்டு தமிழ்நாட்டு வழக்குகளிலும் மனுதாரர்களுக்கு எதிரே நின்றது சட்டப் பிரிவு அல்ல. பெற்றவர்கள்.

“தொடர் பார்த்துப் பிள்ளை மாறிடுமா?”

விருதுநகர், சிவகாசி வீடுகளில் எழும் உண்மையான பயம் இதுதான். நேராகப் பதில் சொல்வதானால், மாறாது. தன்பாலீர்ப்பு நோயல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இலும், உலகச் சுகாதார அமைப்பு 1990-இலும் அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டன. இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018-இல் இதையே சொன்னது. தொடர் பார்த்து யாருடைய ஈர்ப்பும் மாறுவதில்லை. அப்படி மாறுவதாக இருந்தால், ஆண்-பெண் காதலை மட்டுமே காட்டிய இத்தனை ஆண்டுத் தமிழ் சினிமா எல்லோரையும் எப்போதோ ‘மாற்றி’ இருக்க வேண்டும்.

ஏற்கனவே தனக்குள் ஒன்றை உணர்ந்து, அதற்கு என்ன பெயர் என்றே தெரியாமல் திண்டாடும் ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ, “நான் மட்டும் இப்படி இல்லை” என்று தெரிவது மட்டும் நடக்கலாம். அது ஆபத்தல்ல. தெரிந்த பிறகு யாரிடமும் சொல்ல முடியாமல் இருப்பதுதான் ஆபத்து.

பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. ஓடிடி தளங்கள் ஒவ்வொரு தொடருக்கும் 7+, 13+, 16+, வயது வந்தோர் என்று வயதுக் குறியீடு போட வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்ப விதி. அதைப் பாருங்கள். 13 வயதுப் பிள்ளை 16+ தொடர் பார்த்தால் தடுக்கலாம், அது ஆண்-பெண் காதலாக இருந்தாலும்தான். காதலிப்பவர்கள் ஆணா பெண்ணா என்பதை வைத்துத் தடுத்தால், பிள்ளைக்குப் போய்ச் சேரும் செய்தி ஒன்றே ஒன்றுதான்: ‘இந்த வீட்டில் இதைப் பற்றிப் பேசாதே.’

‘கல்யாணம் பண்ணி வச்சா சரியாப் போகும்’

இந்த வட்டாரத்தில் கல்யாணம் என்பது இரண்டு பேர் விஷயமல்ல. உறவின்முறை, சொந்தபந்தம், தொழில், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. ஆகவே மகன் தயங்கினால், “கால்கட்டு போட்டா எல்லாம் சரியாகும்” என்று அண்ணாச்சிமார் கூடி முடிவெடுப்பது இயல்பாகத் தோன்றும். அந்த முடிவின் விலையைக் கொடுப்பது மகன் மட்டுமல்ல. நகை போட்டு, சீர் கொண்டுவந்து, ஒன்றும் தெரியாமல் வந்து சேரும் இன்னொரு வீட்டுப் பெண்ணும்தான்.

இதைக் கொரியத் தொடர் சொல்லவில்லை. மலையாளம் சொன்னது. 2023-இல் ஜியோ பேபி இயக்கத்தில் மம்மூட்டி, ஜோதிகா நடித்த ‘காதல் - தி கோர்’ படத்தில், பல ஆண்டு தாம்பத்தியத்துக்குப் பிறகு மனைவி விவாகரத்து கேட்கிறார். ஊர்த் தேர்தலில் நிற்கும் கணவன் தன் உண்மையை மறைத்து வாழ்ந்ததில் தொலைந்தது இருவரின் வாழ்க்கையும் என்பதை அந்தப் படம் சத்தமில்லாமல் காட்டியது. 2025 பிப்ரவரியில் தமிழில் வந்த ‘காதல் என்பது பொதுவுடைமை’ இன்னும் நேரடியானது. மகள் தன் காதலரை வீட்டுக்கு அழைத்து வருகிறாள். வந்து நிற்பது ஒரு பெண். முற்போக்கான அம்மாவே ஆடிப்போகிறார். லிஜோமோள் ஜோஸ், ரோகிணி நடித்த அந்தப் படத்தில் பெரும்பகுதி கதை வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் அதை எடுத்தார். கொரியத் தொடர்கள் வெளியே எடுத்து வைத்த வீட்டை இந்த இரண்டு படங்களும் திரும்பக் கதைக்குள் கொண்டுவந்தன.

ரசிகர்களுக்கு ஒரு கேள்வி

ஆகவே பி.எல். தொடர் நல்லதா கெட்டதா என்ற சண்டைக்குப் பதில், ரசிப்பவர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. சோல் நகரத்து இரண்டு பையன்கள் சேர்ந்ததும் கண் கலங்குவது எளிது. அதற்கு எந்தச் செலவும் இல்லை. அதே கண், சொந்தத் தம்பி “எனக்குப் பொண்ணு பாக்க வேணாம்க்கா” என்று காரணம் சொல்லாமல் நிற்கும்போது என்ன செய்யும்? மதினியும் சின்னம்மாவும் அவனைப் பற்றிக் கிசுகிசுக்கும்போது அந்த ரசிகை சிரிப்பாளா, பேச்சை மாற்றுவாளா? இந்தத் தொடர்களைப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதிலும் அக்காக்கள், தங்கைகள், நாளை அம்மாக்கள். வீட்டில் ஒரு பையன் முதலில் வாய் திறப்பது பெரும்பாலும் அவர்களிடம்தான்.

எதிர்ப்பவர்களுக்கும் அதே கேள்விதான். போனைப் பிடுங்கினால் தொடர் நிற்கும். பிள்ளையின் மனசு நிற்காது. சாமியாடியிடமும் ‘குணப்படுத்தும்’ வைத்தியரிடமும் கூட்டிப் போவதைவிட, அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ஐ அழைத்துப் பெற்றோரே முதலில் பேசலாம். தமிழிலேயே பேசுவார்கள். பதறிப்போன அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அங்கே பதில் கிடைக்கும்.

எட்டு எபிசோடில் எல்லாம் சுபமாக முடியும் என்று எந்த வீட்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. ஆனால் முதல் வார்த்தை என்ன என்பது வீட்டார் கையில்தான் இருக்கிறது. “ஏன்டா இப்படி ஆன” என்று கேட்பதற்குப் பதில், “உக்காரு, சாப்பிட்டியா, மெதுவா சொல்லு” என்று ஒரு அம்மா சொல்லிவிட்டால், அந்தப் பிள்ளை ரயில் ஏற வேண்டியதில்லை. நீதிமன்றம் போகவும் வேண்டியதில்லை.